தோற்றவர் சபையில் அமர்வது எப்படி?

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் தோற்றவர் இப்போது பிரதேச சபை உறுப்பினராக இருக்கிறார். இது முறையா? எங்கள் ஒழுங்கையின் எதிர்ப்பக்கம் வேறு வட்டாரம். வெள்ள வாய்க்கால் அடைபட்டால் யாரிடம் முறையிடுவது?
– வாசகி, சுன்னாகம்

பதில்: சட்டப்படி முறையே. 2018 பெப்ரவரித் தேர்தலிலிருந்து இலங்கையின் உள்ளூராட்சி சபைகளில் 60 சதவீத ஆசனங்கள் வட்டாரங்களுக்கும் 40 சதவீதம் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் தரும் பட்டியல்களுக்கும் உரியவை. வட்டாரத்தில் தோற்றவரையும் அவரது கட்சி பட்டியல் ஆசனத்துக்கு நியமிக்கலாம். வாக்காளருக்கோ ஒரே வாக்குத்தான். வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர்கூட இராது. நீங்கள் சின்னத்துக்கு இடும் அந்த ஒரு புள்ளடியே வட்டாரத்தில் வெல்பவரையும் தீர்மானித்து, சபை முழுவதற்குமான விகிதாசாரக் கணக்கிலும் சேர்கிறது.

ஒரு சபைக்கு 12 வட்டாரங்களும் 8 பட்டியல் ஆசனங்களும் இருக்க, 10,000 வாக்குகள் விழுந்தன என்று கொள்வோம். ஓர் ஆசனத்துக்கு 500 வாக்குகள். 3,000 வாக்குகள் பெற்ற கட்சி ஒரு வட்டாரத்தையும் வெல்லாவிட்டாலும் பட்டியலால் ஆறு உறுப்பினர்களைப் பெறும். 4,000 வாக்குகளோடு 10 வட்டாரங்களை வென்ற கட்சிக்குக் கணக்குப்படி எட்டே உரியவை என்றாலும், வென்றவற்றை யாரும் பறிப்பதில்லை. மாறாகச் சபையே 22 உறுப்பினர்களாகப் பெருகும். பத்து வட்டாரங்களை வென்றும் அக்கட்சிக்கு அறுதிப் பெரும்பான்மை இல்லை. 2018இல் யாழ்ப்பாண மாநகர சபையின் 45 இடங்களில் முதலிடம் பெற்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கிடைத்தவை 16 மட்டுமே. 2020 டிசம்பரில் அச்சபையின் வரவுசெலவுத் திட்டம் தோற்று, மாநகர முதல்வர் பதவி கைமாறியது.

விகிதாசாரத்தை நான் குறை கூறமாட்டேன். அது இல்லாவிட்டால் ஊரெங்கும் சிதறி வாழும் சிறு சமூகங்களின் குரல் சபைக்குள் நுழைவதே அரிது. ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்களைத் தெரிவுசெய்யும் பல அங்கத்தவர் வட்டாரங்கள் வகுக்கப்பட்டதும் அத்தகைய சமூகங்களை எண்ணித்தான். என் மனக்குறை வேறு. பட்டியலிலிருந்து சபைக்குச் செல்பவர் யாரென்பதை, முடிவுகள் வெளியான பின்னர் கட்சிச் செயலாளரே தீர்மானிக்கிறார். அந்த வரிசையை வாக்களிப்புக்கு முன்பே அறிவித்து, அதை மாற்ற முடியாதபடி சட்டம் கட்டுப்படுத்த வேண்டும்.

வட்டார எல்லை தேர்தலுக்காகக் கீறப்பட்ட கோடு. உங்கள் வாய்க்காலைத் துப்புரவு செய்யும் பொறுப்பு அக்கோட்டின் இருபுறமும் பிரதேச சபைக்கே உண்டு. ஆகவே இருபக்கத்து வீட்டாரும் கையொப்பமிட்டுத் தவிசாளருக்கு எழுதுங்கள். அதன் பிரதியை இரு வட்டார உறுப்பினர்களுக்கும், நீங்கள் குறிப்பிட்ட அந்தப் பட்டியல் உறுப்பினருக்கும் கொடுங்கள். அவருக்கென ஒரு வட்டாரம் இல்லாததால், எங்கள் பகுதியன்று என்று தட்டிக்கழிக்க அவரால் இயலாது.