மகன் பயிற்சிக்குப் போக மறுக்கிறான்

கேள்வி: ரீச்சர், மகன் உயர்தரம் படிக்கிறான். மாணவத் தலைவர்களுக்கு மூன்று நாள் தலைமைத்துவப் பயிற்சி வைக்கிறார்கள். “ரியூசன் விட்டுப்போகும், அது சும்மா பேச்சு” என்கிறான். வற்புறுத்தலாமா?
- ஒரு தாய், கோண்டாவில்

பதில்: வற்புறுத்த வேண்டாம், தங்கச்சி. நாள் முழுக்க இருத்திவைத்துப் பேசிவிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் பயிற்சிகளை நானும் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் சலிப்பது நியாயம்தான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். ஒருமுறை இல்ல விளையாட்டுப் போட்டிக்கு, வாயே திறக்காத ஒரு பிள்ளையை இல்லத் தலைவியாக்கினேன். போட்டிக்கு முதல்நாள் பின்னேரம் மழை. கட்டிய தோரணமெல்லாம் நனைந்து விழுந்துவிட்டது. அவள் யாரையும் ஏவவில்லை. நிலத்தில் உட்கார்ந்து குருத்தோலையைக் கிழிக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் பதினைந்து பேர் சுற்றியிருந்து பின்னினார்கள். அதற்குப் பிறகு அவள் அதிபரிடமே நேரே போய்க் கதைப்பாள்.

1924 இல் இங்கே யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் என்ற இளைஞர் அமைப்பு தொடங்கியது. ஹண்டி பேரின்பநாயகம் போன்ற இளைஞர்கள் அதில் முன்னின்றார்கள். 1927 இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும் அவர்கள்தான். பொறுப்பைக் கையில் எடுத்துத்தான் வளர்ந்தார்கள்.

சரி, வீட்டில் எப்படி? எல்லாவற்றையும் தகப்பன் தீர்மானித்து, பிள்ளை தலையாட்டுகிற வீடென்றால் மூன்று நாளில் என்ன வரும்? இந்த முடிவையே அவனிடம் விடுங்கள். பயிற்சியில் என்ன செய்யவைப்பார்கள் என்று அவனே ஆசிரியரிடம் கேட்டு வரட்டும். ரியூசன் குறிப்பைக் கூட்டாளியிடம் வாங்கிக்கொள்ளலாம்.