வைட்டமின் டி 14, பி.எஸ்.ஏ. 5.2: மாத்திரை மட்டும் போதுமா?

ஐயா, 58 வயதில் வைட்டமின் டி 14, பி.எஸ்.ஏ. (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வரும் புரதத்தின் ரத்த அளவு) 5.2, இரவில் மூன்று முறை சிறுநீருக்கு எழுகிறீர்கள். தினம் 10,000 யூனிட் மாத்திரை போட்டால் பி.எஸ்.ஏ. இறங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

14 குறைவுதான், சரிசெய்யத்தான் வேண்டும், ஆனால் எலும்புக்காகவும் தசைக்காகவும். புராஸ்டேட்டுக்கு அது மருந்தென்று நிரூபணமாகவில்லை. 2018-இல் வெளியான வைட்டல் என்ற ஆய்வில் 25,871 பேரில் பாதிப் பேருக்குத் தினம் 2,000 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். புராஸ்டேட் புற்றுநோய் குறிப்பிடும்படி குறையவில்லை.

வைட்டமின்தானே, என்ன செய்துவிடும் என்றும் இருக்க முடியாது. செலக்ட் என்ற இன்னோர் ஆய்வில் வைட்டமின் ஈ தனியாக எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது. மருத்துவர் சொல்லாமல் நாமாக எடுப்பதற்கு வைட்டமின் டி-யின் உச்சவரம்பு தினம் 4,000 யூனிட். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், அப்புறம் சிறுநீர் இன்னும் அடிக்கடி வரும்! உங்களுக்கு அது வேறு வேண்டுமா?

பி.எஸ்.ஏ. 5.2 என்றாலே புற்றுநோய் என்று பயப்படாதீர்கள். வயதோடு வரும் சாதாரண புராஸ்டேட் வீக்கம், சிறுநீர்த் தொற்று, பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாளில் விந்து வெளியேறியது எல்லாமே அதைக் கூட்டும். முதலில் சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிட்டு, சில வாரம் கழித்துப் பி.எஸ்.ஏ.-வைத் திரும்பப் பார்க்கச் சொல்வார்கள். சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள், இரவில் எழுவதற்கு அதுவும் காரணமாகலாம். முடி கொட்டுவதற்கு ஃபினாஸ்டெரைடு மாத்திரை எடுத்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அது பி.எஸ்.ஏ.-வைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். சிறுநீரில் ரத்தம் வந்தாலோ அடைத்துக்கொண்டாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.