டி.என்.ஏ.யை வெட்டும் புரதம் நிறமூர்த்தங்களைச் சோடி சேர்ப்பது எப்படி?

பாலணுக்களை உண்டாக்கும் கலப்பிரிவான ஒடுக்கற்பிரிவில் கலம் தன் டி.என்.ஏ.யைத் தானே வெட்டுவது ஆபத்தில்லையா என்று ஹட்டனிலிருந்து உயர்தர மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஆபத்துதான் தம்பி. ஆனால் அந்த வெட்டுத்தான் சோடியைத் தேடித் தருகிறது. ஸ்போ11 என்ற புரதம் இரண்டு இழைகளையும் வெட்டும். இதன் வேலை 1997இல்தான் தெரியவந்தது. வெட்டிய முனையில் ஓர் இழை அரிக்கப்பட, மற்றது வால்போல் நீண்டு நிற்கும். ராட்51, டிஎம்சி1 புரதங்கள் அந்த வாலில் ஒட்டிக்கொண்டு, அதே வரிசையுள்ள அமைப்பொத்த நிறமூர்த்தத்தை, அதாவது தன் சோடியைத் தேடும். கிடைத்ததும் அதைப் பார்த்தே பழுது சரியாகும். இரண்டும் நெருங்கிச் சேரும். ஸ்போ11 இல்லாத எலிகள் மலடாகிவிடுகின்றன. எல்லா உயிரிலும் இப்படியல்ல, பழ ஈயில் வெட்டு இல்லாமலும் சோடி சேரும்.

நம் தேயிலையில் 15 நிறமூர்த்தச் சோடிகள். விதைத் தேயிலை செடிக்குச் செடி வேறுபட, இப்படிச் சேர்ந்த சோடிகள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்குப்பரிமாற்றமும் ஒரு காரணம். தண்டு வெட்டி நடும் வீ.பி. தேயிலை ஒடுக்கற்பிரிவு வழியாக வருவதில்லை. தாய்ச்செடியின் மரபணுக்களே அப்படியே வரும்.