தக்காளிக்குள் மீன் புகுந்ததா?

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். போன வாரம் என் மாமியார் செல்போனில் ஏதோ ஒரு வீடியோ பார்த்துவிட்டு, "தக்காளியில மீனைச் சேர்க்கிறாங்களாம், இனிமே ரசத்துக்குப் புளி மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டார். மரபணு மாற்றிய காய்கறி சைவமா, அசைவமா? அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் ரசத்தைக் காப்பாற்றிவிடுவோம். உங்கள் மார்க்கெட்டில் கிடைக்கும் தக்காளியில் மீனும் இல்லை, மீனின் மரபணுவும் இல்லை. இந்தியாவில் விவசாயிகள் பயிரிட்டு விற்கும் அனுமதியோடு இருக்கும் மரபணு மாற்றுப் பயிர் ஒன்றே ஒன்றுதான், 2002இல் வந்த பி.டி. பருத்தி (பி.டி. என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் பெயர்ச் சுருக்கம், அதன் மரபணுதான் அந்தச் செடியில் இருக்கிறது).

ஆனால் மாமியார் கேட்டது முழுப் பொய்யும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க நிறுவனம் ஒன்று, பனிக்கடலில் உறையாமல் வாழும் ஒரு தட்டை மீனின் மரபணுவைத் தக்காளிச் செடியில் சேர்த்து, செடி உறைபனியைத் தாங்குமா என்று சோதித்துப் பார்த்தது. எதிர்பார்த்தபடி வரவில்லை, கடைக்கும் வரவில்லை. 1994இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மரபணு மாற்றுத் தக்காளி வேறு. அதில் தக்காளியின் சொந்த மரபணு ஒன்றையே தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தார்கள், பழம் சீக்கிரம் குழைந்து போகாமலிருக்க. இரண்டு கதையும் ஒட்டிக்கொண்டு முப்பது வருஷமாக ஊர் ஊராகச் சுற்றுகிறது.

சரி, நம் பக்கத்துக் காய்க்கு வருவோம். கத்தரிக்காயை நாலாக வகிர்ந்து எண்ணெய்க் கத்தரிக்காய் செய்ய உட்காரும்போது, காம்போரம் ஒரு சின்ன ஓட்டை, உள்ளே கறுத்துப்போன பொடி, அதற்குள் இளஞ்சிவப்பாக நெளியும் ஒரு புழு, பார்த்திருப்பீர்கள். அந்தக் காய்த்துளைப்பானைத் தடுக்கத்தான் பி.டி. கத்தரி. சேர்த்த மரபணு மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவுடையது. அது உண்டாக்கும் புரதம் புழுவின் குடலைப் பதம் பார்க்கும். இயற்கை விவசாயம் செய்பவர்கள்கூட இதே பாக்டீரியாவைத் தண்ணீரில் கலந்து செடிக்குத் தெளிப்பதுண்டு. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இந்த வேலையில் இருந்தது. பாலூர், கிள்ளிக்குளம் ரகங்களில்கூட அந்த மரபணுவை ஏற்றிப் பார்த்தார்கள். 2009 அக்டோபரில் நிபுணர் குழு சரி என்றது, அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு ஊர்களில் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார், 2010 பிப்ரவரியில் நிறுத்தி வைத்தார். இன்று வரை அப்படியே கிடக்கிறது. பங்களாதேஷில் 2014 முதல் பயிரிடுகிறார்கள்.

பாக்டீரியாவின் மரபணு சேர்ந்தால் அசைவமா என்று கேட்டால், தயிரில் கோடிக்கணக்கான உயிருள்ள பாக்டீரியா இருக்கிறது, தோசை மாவு புளிப்பதும் அவற்றால்தான் என்பேன். இன்னொன்று சொன்னால் மாமியாருக்கு ஆச்சரியமாக இருக்கும்: நாம் விரதத்துக்கு அவித்துத் தின்னும் சர்க்கரைவள்ளிக்கிழங்கிலேயே பாக்டீரியாவின் மரபணு துண்டுகள் இருக்கின்றன, எந்த விஞ்ஞானியும் வைக்கவில்லை, பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தானாகவே புகுந்தவை. இதைக் கண்டுபிடித்துச் சொன்னது 2015இல். பி.டி. கத்தரி என் கணக்கில் சைவம்தான். இன்னும் சொன்னால், சொத்தையைக் கவனிக்காமல் வதக்கிவிடும் சாதாரணக் கத்தரிக்காயைவிடச் சுத்த சைவம்!

இதனால் நான் அந்தப் பயிருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விதை யார் கையில் இருக்கும், நம் நாட்டுக் கத்தரி ரகங்களோடு கலந்துவிடாதா, நீண்ட நாள் தின்றால் என்ன ஆகும் என்பதற்காக எதிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதெல்லாம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். ஆனால் "அசைவம்" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிட முடியாது.

கேள்வி: அப்படியானால் சமையல் எண்ணெய்? பீட்சா மேல் போடும் சீஸ்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: எண்ணெய் சுருக்கமாக: பி.டி. பருத்தியின் கொட்டையிலிருந்தும் எண்ணெய் எடுக்கிறார்கள், வெளிநாட்டு சோயா எண்ணெயில் பெரும்பகுதி மரபணு மாற்று சோயாவிலிருந்து வருவது. சுத்திகரித்த எண்ணெயில் புரதமும் மரபணுவும் ஏறக்குறைய மிஞ்சுவதே இல்லை. அதனால் சைவக் கவலை தேவையில்லை.

சீஸ் கதைதான் ருசியானது. பாலைத் திரைய வைக்க ரென்னட் என்ற நொதி வேண்டும். பழைய முறையில் அது எங்கிருந்து வந்தது தெரியுமா? பால்குடி மறக்காத கன்றுக்குட்டியை வெட்டி, அதன் நான்காவது இரைப்பையிலிருந்து. 1990இல் அமெரிக்கா ஒரு மாற்றுக்கு அனுமதி கொடுத்தது: கன்றின் அந்த மரபணுவைப் பாக்டீரியாவில் வைத்து, தொட்டியில் நொதிக்க வைத்து அதே நொதியை எடுப்பது. பிறகு பூஞ்சையிலும் ஈஸ்ட்டிலும் செய்தார்கள். இன்று அமெரிக்க சீஸில் மிகப் பெரும்பாலானது இப்படித்தான் திரைகிறது. மரபணு மாற்றம் என்றாலே பதறுகிறோம், ஆனால் இங்கே அதே தொழில்நுட்பம் கன்றுக்குட்டிகளைக் கத்தியிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. இந்திய விதிப்படி சீஸுக்கு விலங்கு ரென்னட் கூடாது, அதனால் உள்ளூர் சீஸில் பச்சைப்புள்ளி இருந்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் பெட்டியில் கொண்டுவரும் சீஸின் அட்டையை மட்டும் ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

கேள்வி: நான் வீகன், பால், தேன்கூடத் தொடுவதில்லை. எந்த மரபணு மாற்றமும் பரவாயில்லை என்கிறீர்களா?
– ஒரு மாணவி, கோவை

பதில்: இல்லை. சோயாவுக்குள் பன்றியின் மரபணுவை வைத்து, பயறே உள்ளே சிவப்பாக இருக்கும்படி ஒரு சோயா வந்திருக்கிறது. 'பிக்கி சூயி' என்று பெயர், 2024 ஏப்ரலில் அமெரிக்க வேளாண் துறை பயிரிடத் தடையில்லை என்றது. பன்றி இறைச்சியில் இருக்கும் அதே மயோகுளோபின் புரதம் அந்தப் பயறில் விளைகிறது. ஒரு பன்றியும் சாகவில்லை. கொல்லாமைக்காகச் சைவமாக இருப்பவருக்கு அதில் குற்றமில்லை என்று வாதாடலாம். வீட்டு வழக்கத்துக்காக, அருவருப்புக்காக விலகியிருப்பவருக்கு அது பன்றிதான், செடியில் காய்த்தாலும். இங்கிலாந்தின் வீகன் சொசைட்டியும் விலங்கு மரபணு சேர்ந்தால் தன் முத்திரையைத் தராது. நானும் தொட மாட்டேன், காரணம் கேட்டால் நாக்கு ஒத்துக்கொள்ளாது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

தலைகீழான உதாரணமும் உண்டு. இறைச்சி போலவே இருக்கும்படி தாவரப் பொருட்களில் செய்யும் அமெரிக்காவின் 'இம்பாசிபிள் பர்கர்' சிவப்பாக இருக்கக் காரணமான புரதத்தின் மரபணு சோயா வேர் முடிச்சிலிருந்து எடுத்தது, ஈஸ்ட்டில் வளர்த்தது. விலங்கின் சுவடே இல்லை. ஆனால் அது பாதுகாப்பானதா என்று காட்ட அந்த நிறுவனம் எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தது, வீகன்கள் பலர் அதனாலேயே அதை ஒதுக்கினார்கள்.

பிக்கி சூயி நம் கடைக்கு வந்தால் எந்தக் குறி போடுவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நம் விதியில் விலங்கிலிருந்து வந்த பொருள் சேர்ந்தால்தான் அசைவம், இங்கேயோ விலங்கே கிடையாது. பச்சைப்புள்ளியா, பழுப்பு முக்கோணமா? கும்பகோணத்து மாமியாரைக் கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவார்.