நம் அரசியலுக்கு நேர் எதிரானவரோடு பொருளாதாரக் கொள்கை பற்றிப் பேச முடியுமா?

முடியும். ஆனால் கட்சியின் பெயரிலோ சித்தாந்தத்தின் பெயரிலோ அந்தப் பேச்சைத் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 'முதலாளித்துவம்', 'சோசலிசம்' ஆகிய சொற்கள் வந்து விழுந்த கணமே இருவரும் தத்தம் அணிக்கு வக்கீலாகி விடுகிறோம். அதற்குப் பிறகு எதிராளி சொல்வதைக் கேட்பதே பதிலடி தேடுவதற்காக என்றாகி விடுகிறது. ஒரே ஒரு கொள்கை முடிவை எடுத்துக்கொண்டு, "இதைச் செய்தால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுத் தொடங்குவதே பயன் தரும்.

என் நெருங்கிய நண்பர் ஒருவர் சந்தையில் அரசு தலையிடுவதையே விரும்பாதவர். நான் தொழிலாளர் பக்கம் நிற்பவன். குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்துவது பற்றிப் பேச்சு வந்தபோது, உயர்த்தினால் திறன் குறைந்தவர்களே முதலில் வேலை இழப்பார்கள் என்றார் அவர். ஒரு வட்டாரத்தில் வேலை கொடுப்பவர்கள் மிகச் சிலரே என்றால், வேறிடம் போக வழியில்லாத தொழிலாளிக்கு அவர் உழைப்பின் மதிப்பைவிடக் குறைவான கூலியே கிடைக்கும் என்பதால், அங்கே ஊதியத்தை உயர்த்தினாலும் வேலைகள் குறைய வேண்டியதில்லை என்றேன் நான். பிறகு, "யாருக்கும் வேலை போகாது என்று உறுதியானால் ஏற்பீர்களா?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, தம் எதிர்ப்பில் பெரும்பகுதி நீங்கிவிடும் என்றும், இருவர் மனமொப்பிச் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் அரசு புகுவது அப்போதும் தமக்குப் பிடிக்காது என்றும் சொன்னார். "நூறு பேரில் ஐந்து பேருக்கு வேலை போய், மற்றவர்களுக்குக் கூலி கூடினால் நீங்கள் ஏற்பீர்களா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்த ஐவருக்கும் அரசு வாழ்வாதார உதவி தருமானால் ஏற்பேன் என்றேன்.

எங்கள் கருத்து வேறுபாட்டில் எது விளைவைப் பற்றிய கணிப்பு, எது நியாயத்தைப் பற்றிய நம்பிக்கை என்பது அந்த இரண்டு கேள்விகளில் பிரிந்து வந்தது. கொள்கைச் சண்டைகளில் பெரும்பாலானவை விளைவுகளைப் பற்றிய மாறுபட்ட கணிப்புகளால் எழுபவையே என்று அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் 1953-இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். அவர் காட்டிய உதாரணமும் குறைந்தபட்ச ஊதியம்தான். அதை நான் முழுவதும் ஏற்கவில்லை, ஏனெனில் என் நண்பரிடம் கடைசியில் எஞ்சி நின்றது கணிப்பு அல்ல. இருந்தாலும் கணிப்பை முதலில் பேசித் தீர்ப்பது நல்லது, அதற்காவது சான்று தேட முடியும்.

சான்று காட்டும்போது நமக்குச் சாதகமானதை மட்டும் எடுத்து வைப்பது நம்பிக்கையைக் கெடுத்துவிடும். 1992-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியபோது, பொருளியலாளர்களான டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் அங்குள்ள துரித உணவகங்களைப் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவின் உணவகங்களோடு ஒப்பிட்டு, வேலைவாய்ப்பு குறையவில்லை என்று 1994-இல் எழுதினார்கள். என் தரப்புக்கு அது வலுவான ஆதாரம். ஆனால் டேவிட் நியூமார்க், வில்லியம் வாஷர் இருவரும் சம்பளப் பதிவேடுகளைக் கொண்டு அதே நிகழ்வை ஆராய்ந்து, வேலைகள் குறைந்தன என்று 2000-இல் மறுத்ததையும் நானே என் நண்பரிடம் சொன்னேன். கார்டும் க்ரூகரும் வேறு தரவுகளோடு அதற்கும் பதில் எழுதினார்கள்.

ஒருவர் நிற்கும் அணியை வைத்து அவருடைய எல்லாக் கருத்துகளையும் நாமே ஊகித்துக்கொள்வதும் தவறு. சந்தையின் தீவிர ஆதரவாளரான அதே ஃபிரீட்மன்தான், வருமானம் குறைந்தவர்களுக்கு வரித் துறை வழியாக அரசே பணம் தர வேண்டும் என்ற யோசனையை 1962-இல் முன்வைத்தார். என் நண்பருக்கும் அது ஏற்புடையதே என்பது கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஊதியத்தை உயர்த்தலாமா கூடாதா என்ற கேள்வியை இப்போது நாங்கள் விட்டுவிட்டோம். ஒரு வட்டாரத்தின் வழக்கமான கூலியோடு ஒப்பிட, எந்த அளவு வரை உயர்த்தினால் வேலைகள் பாதிக்கப்படாமல் இருக்கும் என்பதே எங்கள் விவாதம். அவர் சொல்லும் அளவு என்னுடையதைவிட இன்னமும் குறைவுதான்.