மனு பார்க்கப் போவது

அன்புள்ள அண்ணனுக்கு,

பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். என் தம்பி ஓர் அடிதடி வழக்கில் ரிமாண்டாகி திருச்சி மத்திய சிறையில் இருக்கிறான். அம்மா பார்க்கணும் என்று அழுகிறார். அப்பாவோ, "அவன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன், நீங்களும் போகக் கூடாது" என்கிறார். ஊர் வாய்க்கும் பயமாக இருக்கிறது. போவதா, வேண்டாமா? போனால் என்ன பேசுவது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

போய் வாருங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் செய்தானா இல்லையா என்பதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும். வீட்டில் அவனுக்கு இன்னும் இடம் இருக்கிறது என்பதை நீங்கள் நேரில் போனால்தான் அவன் நம்புவான். உள்ளே இருந்து வந்த என் உறவினர் ஒருவர் சாப்பாட்டைப் பற்றியோ படுக்கையைப் பற்றியோ அதிகம் பேசியதில்லை. மனு நேரத்தில், அதாவது கைதியை வீட்டார் வந்து பார்க்கும் நேரத்தில், தன் பெயரைக் கூப்பிடுகிறார்களா என்று காத்துக் கிடந்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்.

கிளம்பும் முன் வக்கீலிடம் போலீஸ் வழக்கின் குற்ற எண்ணையும் அடுத்த வாய்தா தேதியையும் கேட்டு வையுங்கள். வாய்தா அன்று கோர்ட்டுக்குக் கூட்டிப் போயிருந்தால் உங்களுக்கு வீண் அலைச்சல். மனு நாளையும் நேரத்தையும் சிறைக்குப் போன் செய்து கேட்டுவிடுங்கள். அரசின் 'இ-முலாகாத்' இணையதளத்தில் பதிவு செய்யும் வசதியும் உண்டு. பாபநாசத்தில் ரயில் ஏறினால் திருச்சி ஜங்ஷன். சிறை புதுக்கோட்டை சாலையில் இருக்கிறது. இருவரும் அசல் ஆதார் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். செல்போனை உள்ளே விட மாட்டார்கள்.

அம்மா முந்தின நாளே முறுக்கு சுட உட்கார்ந்துவிடுவார். வீட்டுப் பண்டத்தைப் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். வாசலில் தூக்குச் சட்டியோடு திருப்பி அனுப்பினால் அவர் உடைந்துபோவார், இப்போதே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். விசாரணைக் கைதி சொந்தத் துணி உடுத்தலாம் என்பதால் அவன் பழகிய கைலி, சட்டை கொடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். கேன்டீன் செலவுக்கு அவன் பெயரில் பணம் கட்டலாம்.

பேசக் கிடைப்பது கொஞ்ச நேரம். நடுவில் தடுப்பு இருக்கும், சுற்றிலும் ஆளாளுக்குப் பேசும் சத்தம். "ஏன்டா இப்படிச் செஞ்சே" என்று ஆரம்பித்தால் அழுகையிலேயே மனு முடிந்துவிடும். வழக்கு விவரம் எதையும் அங்கே பேசாதீர்கள். காவலர் பக்கத்திலேயே நிற்பார், அதெல்லாம் வக்கீல் பேச வேண்டியது. முதலில் அம்மாவைப் பேச விடுங்கள். அப்புறம் நீங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, நாற்று விட்டாச்சா, பசு கன்று போட்டதா என்று ஊர் நடப்பைச் சொல்லுங்கள். வெளியே வந்ததும் ஊருக்குத்தான் வரப்போகிறோம் என்ற எண்ணம் அவனுக்கு இருக்க வேண்டும்.

அப்பாவை வற்புறுத்த வேண்டாம். திரும்பி வந்ததும் அவன் இளைத்திருக்கிறானா, யாரை விசாரித்தான் என்பதையெல்லாம் அப்பா காதில் விழும்படி வீட்டில் பேசுங்கள். ஊர் பேசும், பேசட்டும்.

வக்கீலுக்குப் பணம் புரட்டக் கடன் வாங்கிவிடாதீர்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. தஞ்சாவூரில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் கேளுங்கள். ஜாமீன் மனு போட்டாச்சா என்பதையும் அங்கேயே விசாரித்துவிடலாம்.