எத்தில் லினோலியேட் (லினோலிக் அமிலத்தின் எஸ்டர்) தோலின் நிறமியான மெலனினைக் குறைக்கிறதா? பி16 செல்களில் (சுண்டெலியின் மெலனோமா புற்றுநோய்ச் செல்கள்) நம்பகமாகச் சோதிப்பது எப்படி?

இது எண்ணெய், செல் வளர்ப்பு ஊடகத்தில் நேராக ஊற்றினால் துளிகளாகப் பிரிந்து செல்கள் மேல் சீரில்லாமல் படியும். 30.8 மில்லிகிராமை எத்தனாலில் கரைத்து 1 மில்லிலிட்டராக்கினால் 100 மில்லிமோலார் கரைசல். அதை ஊடகத்தில் ஆயிரம் மடங்கு நீர்த்தால் 100 மைக்ரோமோலார், எத்தனால் 0.1 சதவீதம். ஒப்பீட்டுக்காக எத்தில் லினோலியேட் சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழிகளிலும் அதே எத்தனால் அவசியம்.

மெலனின் உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனான ஆல்ஃபா எம்எஸ்எச் சேர்த்து 72 மணி நேரம் வளர்த்து, செல்களைக் கழுவி, 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் 80 டிகிரியில் கரைத்து, 405 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து மெலனின் அளவை அறியலாம்.

பலர் சறுக்குவது இங்கேதான்: செல்கள் செத்தாலும் மெலனின் குறையும். புரத அளவால் வகுக்காத முடிவை நம்பவே கூடாது. செல் உயிர்ப்புச் சோதனையும் தனியே வேண்டும்.

எத்தில் லினோலியேட்டின் இரட்டைப் பிணைப்புகள் காற்றில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும். சிறு குப்பிகளில் நைட்ரஜன் நிரப்பி, மைனஸ் 20 டிகிரியில் இருட்டில் வையுங்கள்.